ஐம்பது ஆண்டு ஓடும் பேட்டரி எதை ஓட்டும்?

சார்ஜே போட வேண்டாத பேட்டரி வந்துவிட்டது என்ற செய்தி 2024 ஜனவரியில் கிளம்பியது. இன்றுவரை அது ஓய்ந்தபாடில்லை. புதுப்புதுத் தலைப்புகளோடு கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. அதையொட்டி இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒருசாரார் கொண்டாடுகிறார்கள். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கண்டு அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர், இதுபோல எத்தனையோ கேட்டாயிற்று என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த இதழில் பேட்டரியைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசகர், தென்காசி: சீனாவில் நாணய அளவில் அணு பேட்டரி செய்துவிட்டார்களாம், அதைக் கைபேசியில் பொருத்தினால் ஐம்பது ஆண்டுகளுக்குச் சார்ஜ் போடவே வேண்டாமாம். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. இதில் எவ்வளவு உண்மை?

பேட்டரி உண்மை. ஐம்பது ஆண்டு என்பதும் இயற்பியல்படி நம்பத்தக்கதே. கைபேசி என்பதுதான் இடிக்கிறது.

பெய்ஜிங்கைச் சேர்ந்த பீட்டாவோல்ட் என்ற நிறுவனம் 2024 ஜனவரியில் பிவி100 என்ற பேட்டரியை அறிவித்தது. அதன் நீளம் 15 மில்லிமீட்டர், அகலமும் 15, கனம் 5. ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் வைத்தால் ஏறத்தாழ அடங்கிவிடும். நிக்கல்-63 என்ற கதிரியக்க உலோகத்தின் மெல்லிய தகடுகளையும் வைரத்தால் ஆன குறைகடத்தித் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அதைச் செய்திருக்கிறார்கள். மின்னழுத்தம் 3 வோல்ட். இவையெல்லாம் செய்திகளில் விரிவாக வந்தன. பல தலைப்புகளில் காணாமல் போன எண் ஒன்று உண்டு. அது அந்தப் பேட்டரியின் திறன். 100 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய கைபேசிகளில் பொதுவாக 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. அது ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். விநாடிக்கு விநாடி 100 மைக்ரோவாட் மட்டும் தரும் ஒரு மூலத்தை வைத்து அதை ஒரே ஒரு முறை நிரப்ப 1,90,000 மணி நேரம், அதாவது 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஐம்பது ஆண்டுகள் முழுவதும் காத்திருந்தாலும் இரண்டு முறை சார்ஜ் ஏறும், அவ்வளவுதான். சரி, பல பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டலாமே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். திரை எரியும்போது கைபேசி சாதாரணமாக ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு வாட்டுக்கே பத்தாயிரம் பேட்டரிகள் வேண்டும். அவற்றை இடைவெளியில்லாமல் அடுக்கினாலும் 11 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பழி முழுவதையும் வாட்ஸ்அப்பின் மேல் போட்டுவிட முடியாது. கைபேசிகளுக்குச் சார்ஜே தேவைப்படாத காலம் வரும், பதினைந்து நிமிடம் பறக்கும் ட்ரோன்கள் நிற்காமல் பறக்கும் என்ற எதிர்காலக் கனவுகளை நிறுவனத்தின் அறிவிப்பே சொல்லியிருந்தது. 2025-ல் ஒரு வாட் தரும் பேட்டரியைக் கொண்டுவருவது இலக்கு என்றும் சொல்லியிருந்தது. கையிலிருக்கும் சரக்கையும் மனத்திலிருக்கும் கனவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், செய்தி எழுதுகிறவர் எதை எடுத்துத் தலைப்பில் வைப்பார் என்பது அறிவிப்பு எழுதியவருக்குத் தெரியாததல்ல.

கல்லூரி மாணவி, மதுரை: அணு பேட்டரி என்றால் கூடங்குளத்தில் நடப்பதைச் சிறிய அளவில் செய்வதா? நிக்கலின் அளவைக் கூட்டினால் திறனும் கூடாதா?

இரண்டும் வேறு வேறு. கூடங்குளத்தில் நடப்பது அணுப்பிளவு. நியூட்ரான் யுரேனிய அணுவைப் பிளக்கிறது. பிளவில் வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. அந்தத் தொடர்வினையைக் கட்டுப்பாட்டுத் தண்டுகளால் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். அணு பேட்டரியில் தொடர்வினையே கிடையாது. நிக்கல்-63 அணு தன் போக்கில் ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்துவிட்டுச் சாதாரணச் செம்பாக மாறிவிடுகிறது. அந்த எலக்ட்ரான் வைரத் தகட்டுக்குள் பாயும்போது, வெயில் பட்ட சோலார் தகட்டில் மின்சாரம் பிறப்பதைப் போலவே, இங்கும் பிறக்கிறது. யோசனையும் பழையதுதான், கதிரியக்கப் பொருள் உமிழும் எலக்ட்ரான்களிலிருந்து நேரடியாக மின்னூட்டம் பெறலாம் என்பதை ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1913-லேயே ரேடியத்தை வைத்துச் செய்துகாட்டினார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கதிரியக்கச் சிதைவின் வேகத்தை நாம் மாற்ற முடியாது. சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு உறங்கப் போனாலும் அது தன் வேகத்தில் நடக்கும். நிக்கல்-63-ன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், சுமார் 100 ஆண்டுகள். எனவே ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் எழுபது விழுக்காடு மிச்சமிருக்கும். நெடுங்காலம் உழைப்பதற்குக் காரணமான அதே மந்தம்தான் திறன் குறைவாக இருப்பதற்கும் காரணம். பாறையிடுக்கில் சொட்டுகிற ஊற்று எந்தக் கோடையிலும் வற்றாது என்பதற்காக அதைக் கொண்டு பம்புசெட் வைத்துப் பாசனம் செய்ய முடியாது அல்லவா? வேகமாகச் சிதையும் தனிமத்தை எடுத்துக்கொண்டால் திறன் கூடும், ஆயுள் குறையும். இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து எந்த அணு பேட்டரிக்கும் விலக்கு இல்லை.

அளவைக் கூட்டினால் திறன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூட்டுவது? ஒரு கிராம் தூய நிக்கல்-63 வெளியிடும் மொத்தத் திறனே ஏறத்தாழ 6 மில்லிவாட். அதில் ஒரு சிறு பகுதிதான் மின்சாரமாக நம் கைக்கு வரும். ஒரு துளியும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும்கூட ஒரு வாட்டுக்கு 170 கிராம் தேவைப்படும். தகட்டைத் தடிமனாக்கவும் முடியாது. ஆழத்தில் பிறக்கும் எலக்ட்ரான்கள் வெளியே வருவதற்குள் நிக்கலுக்குள்ளேயே அடங்கிவிடும். பீட்டாவோல்ட் தன் நிக்கல் தகட்டை 2 மைக்ரான் கனத்தில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் செய்திருப்பது இதனால்தான். தவிர, நிக்கல்-63 சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பொருள் அன்று. இயற்கை நிக்கலில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவாகக் கலந்திருக்கும் நிக்கல்-62-ஐப் பிரித்தெடுத்து, அணு உலைக்குள் நெடுநாள் வைத்து, நியூட்ரான்களை ஏற்கச் செய்துதான் அதைப் பெற வேண்டும். விலை குறைய வழியில்லாத பொருள் அது.

வாசகர், நாகர்கோவில்: இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கருக்கும் இந்தப் பேட்டரியைப் பயன்படுத்துவார்களாம். கதிர்வீச்சுப் பொருளை உடம்புக்குள்ளேயே வைப்பது ஆபத்தில்லையா?

உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் இந்தக் காரியம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. புளூட்டோனியம்-238 பொருத்திய பேஸ்மேக்கரை 1970-ல் பாரிஸில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக வைத்தார்கள். அதன்பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு வைத்தார்கள். அந்தக் காலத்துச் சாதாரணப் பேட்டரிகள் இரண்டொரு ஆண்டுகளில் தீர்ந்துபோய், மீண்டும் மீண்டும் அறுவை செய்ய வேண்டியிருந்ததால், அணு பேட்டரி வரமாகத் தோன்றியது. பேஸ்மேக்கருக்குத் தேவைப்படுவதும் மைக்ரோவாட் அளவிலான மின்சாரமே. 1972-ல் லித்தியம்-அயோடைடு பேட்டரி வந்த பிறகு அந்தத் தேவை மெல்ல மறைந்தது. பல ஆண்டுகள் உழைக்கும் லித்தியம் பேட்டரி கைக்கு வந்த பின், புளூட்டோனியத்தைச் சுமந்து திரிபவரின் போக்குவரத்தையும், அவர் இறந்த பின் அந்தப் பொருளை மீட்பதையும் யார் கண்காணித்துக்கொண்டிருப்பது?

நிக்கல்-63 புளூட்டோனியத்தைப் போன்றதன்று. அது உமிழும் எலக்ட்ரான்களுக்கு வேகம் குறைவு. தோலின் மேற்புற இறந்த படலத்தையே அவற்றால் தாண்ட முடியாது. உலோக உறைக்குள் மூடி வைத்துவிட்டால் வெளியே எதுவும் வராது. பொடியாகி மூச்சிலோ உணவிலோ கலந்தால்தான் கெடுதல். எனவே மூடிய பேட்டரி அருகில் இருப்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

அது கைவிடப்படும் நாளைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும். 2001 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டின் லியா என்ற ஊருக்கு அருகிலுள்ள காட்டில் விறகு பொறுக்கப் போன மூவர், சுற்றிலும் பனி உருகிக் கிடக்க நடுவில் சூடாக இருந்த இரண்டு உலோகக் கலன்களைக் கண்டார்கள். கடுங்குளிர் இரவில் அவற்றையே கணப்பாக அருகில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். சோவியத் காலத்து அணு மின்கலங்களிலிருந்து கழன்று, கேட்பாரற்றுக் கிடந்த ஸ்ட்ரான்சியம்-90 கலன்கள் அவை. மூவரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானார்கள். ஒருவர் 2004-ல் இறந்தார். நமக்கு அருகிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2010-ல் டெல்லியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விட்ட பழைய கதிரியக்கக் கருவி மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அது பேட்டரி அன்று, அதன் கதிர்வீச்சும் நிக்கலுடையதைவிடப் பன்மடங்கு வலியது. ஆனாலும் பழைய டிவியையும் ஃபேனையும் உடைத்துச் செம்புக் கம்பி உருவுகிற நம் ஊர் வழக்கத்தில், கோடிக்கணக்கான கைபேசிகளுக்குள் கதிரியக்கப் பொருளை வைத்துவிட்டு அவை எங்கே போய் முடிகின்றன என்று கணக்கு வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. கைபேசியில் அணு பேட்டரி வராது என்பதற்கு, திறன் பற்றிய கணக்குக்கு நிகரான காரணம் இது.

வாசகர், தஞ்சாவூர்: ஐம்பது என்ன, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடும் வைர பேட்டரியை இங்கிலாந்தில் செய்துவிட்டதாகப் படித்தேன். அவ்வளவு காலம் ஓடும் பேட்டரியால் மனிதனுக்கு என்ன பயன்?

பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் அணுசக்தி ஆணையமும் சேர்ந்து 2024 டிசம்பரில் அறிவித்த கார்பன்-14 வைர பேட்டரியைச் சொல்கிறீர்கள். கார்பன்-14-ன் அரை ஆயுள் சுமார் 5,700 ஆண்டுகள். பிரிட்டனின் பழைய அணு உலைகளில் பயன்பட்டுக் கழிவாகக் குவிந்து கிடக்கும் கிராஃபைட் கட்டிகளிலிருந்து இந்தக் கார்பனைப் பிரித்தெடுக்கலாம் என்பது 2016-ல் இந்த யோசனை முதன்முதலில் வெளிவந்தபோதே சொல்லப்பட்ட கவர்ச்சி. கதிரியக்கக் கார்பனை வைரமாக்கி, அதைச் சாதாரண வைரத்தால் பொதிந்துவிடுகிறார்கள்.

அந்த ஆய்வாளர்கள் 2016-ல் நேர்மையாக ஓர் ஒப்பீட்டையும் தந்திருந்தார்கள்; தலைப்பு எழுதியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கிராம் கார்பன்-14 கொண்ட பேட்டரி ஒரு நாளைக்கு 15 ஜூல் தரும். சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு அல்கலைன் செல் ஒன்றில் ஏறத்தாழ 14,000 ஜூல் இருக்கிறது. பெட்டிக்கடையில் வாங்கும் அந்தச் செல் தருவதை ஒரு கிராம் வைர பேட்டரி தந்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். அதன்பிறகும் அது சளைக்காமல் தந்துகொண்டே இருக்கும் என்பதே அதன் சிறப்பு. ஆகவே கை எட்டாத இடங்களுக்கு, உடம்புக்குள் வைக்கும் சிறு கருவி, ஆழ்கடலில் இறக்கிய உணர்வி, அணுக்கழிவுக் கிடங்கின் உட்சுவர் ஆகியவற்றுக்கு, அது பொருத்தமானது. மைக்ரோவாட் அளவில் பிழைக்கத் தெரிந்த மின்னணுக் கருவிகள் பெருகப் பெருக இதற்கு வேலையும் பெருகும்.

காலத்தை மட்டும் பார்த்து வியப்பதானால், அதற்கு அணுவே தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் ஆய்வகத்தில் 1840 முதல் ஒரு மின்மணி அடித்துக்கொண்டிருக்கிறது. உலர் மின்கல அடுக்கு இரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு மணி. நடுவே நூலில் தொங்கும் ஓர் உலோகக் குண்டு இந்த மணிக்கும் அந்த மணிக்குமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த அடுக்குகளை எதைக் கொண்டு செய்தார்கள் என்பதைத் திறந்து பார்த்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் இன்றுவரை பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். 180 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பேட்டரி! குண்டை அசைப்பதற்கு மேல் அதனிடம் வேறு எந்த வேலையும் வாங்க முடியாது.

விண்வெளி தனிக்கதை. 1977-ல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் ஒவ்வொன்றிலும் புளூட்டோனியம்-238 தரும் வெப்பத்தால் இயங்கும் மின்னாக்கிகள் மூன்று உள்ளன. புறப்பட்டபோது அவை சுமார் 470 வாட் தந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் வீதம் குறைந்து வருவதால், நாசா ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வருகிறது. நம் சந்திரயான்-3-ன் உந்துகலத்திலும் பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த, ஒவ்வொன்றும் ஒரு வாட் அளவிலான இரண்டு அணு வெப்பக் கலன்களைச் சோதனைக்காக அனுப்பியிருந்தார்கள்.

வாசகர், ஈரோடு: நானும் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், மாதத்துக்கொரு புரட்சிப் பேட்டரி வருகிறது, அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இவையெல்லாம் பங்கு விற்பதற்காகச் செய்யும் மோசடிதானே?

நீங்கள் மட்டுமல்ல, எடிசனும் அப்படித்தான் நினைத்தார். சேமிப்பு பேட்டரி என்பது பங்கு நிறுவனங்கள் பொதுமக்களை ஏமாற்றும் கருவி என்றும், அந்த வேலையில் இறங்கியவனுக்குள் ஒளிந்திருக்கும் பொய் சொல்லும் திறமை வெளியே வந்துவிடுகிறது என்றும் அவர் 1883-ல் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அவரே நிக்கல்-இரும்பு பேட்டரியோடு ஏறத்தாழப் பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். முதலில் விற்றவை ஒழுகின. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மேலும் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்திய பிறகே உறுதியான பேட்டரி கிடைத்தது.

மோசடியும் உண்டு. 28,000 ஆண்டுகள் ஓடும் வைர பேட்டரி என்று 2020-ல் பரபரப்பை உண்டாக்கிய என்டிபி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீதும் அதன் நிறுவனர் மீதும், முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் வழக்குத் தொடுத்தது. பிரிஸ்டலின் ஆய்வும் இந்த நிறுவனத்தின் விளம்பரமும் ஒரே பெயரில் சுற்றியதால், உண்மையான ஆய்வும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

ஆனால் காணாமல் போகிற செய்திகளில் பெரும்பாலானவை மோசடி அல்ல. 2016-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆய்வு மாணவி ஒருவர், தங்க நுண்கம்பிகளுக்கு மாங்கனீஸ் ஆக்சைடு பூச்சிட்டு, அவற்றை ஒரு கூழில் பதித்துச் சோதித்தார். மூன்று மாதங்களில் இரண்டு லட்சம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கியும் அது தேயவில்லை. நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வருமே என்று உலகம் முழுதும் கணக்குப் போட்டார்கள். அவர் சோதித்தது கைபேசியில் வைக்கும் முழு பேட்டரி அன்று. நுண்கம்பி ஏன் ஒடிகிறது, எப்படி ஒடியாமல் காக்கலாம் என்பதை அறிய உதவிய மின்தேக்கி. ஆய்வு பொய்யில்லை, அதற்கு நாம் கொடுத்த அர்த்தம்தான் பொய்.

மூன்றாவது வகை திட நிலை பேட்டரி, அதாவது உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளை வைத்துச் செய்வது. அது வேலை செய்கிறது. ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. 2020-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வரும் என்று 2017-ல் சொன்ன டொயோட்டா, பிறகு 2027-28 என்றது. ஆய்வகத்தில் கைவிரல் அளவு செல் ஒன்று நன்றாக ஓடுவதற்கும், அதையே லட்சக்கணக்கில், ஒன்றுக்கொன்று மாறாமல், கட்டுப்படியாகும் விலையில் தயாரிப்பதற்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான தொழில். அந்த வேலை யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருக்கிறது. லித்தியம்-அயனி பேட்டரித் தொகுப்பின் விலை 2010-ல் ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது; 2024-ல் புளூம்பெர்க்கின் ஆற்றல் ஆய்வுப் பிரிவு கணக்கிட்ட சராசரி விலை 115 டாலர். இதற்குத் தலைப்புச் செய்தி எதுவும் வந்ததாக நினைவில்லை.

வாசகர், கோயம்புத்தூர்: நீண்ட நாள் உழைக்கும் பேட்டரி வந்தால் கம்பெனிக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடுமே, அதனால்தான் அமுக்கிவிடுகிறார்கள் என்கிறேன் நான். சரிதானே?

இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றில் அடிப்படை இருக்கிறது. உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் 1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைத்தன. அதைவிட அதிகம் எரியும் பல்பைச் செய்த உறுப்பு நிறுவனத்துக்கு அபராதம் விதித்தன. நம் காலத்தில், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் காக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் தந்தது. அது தொடர்பான வழக்கை முடிக்க 2020-ல் 50 கோடி டாலர் வரை தர இசைந்தது.

ஆனாலும் பேட்டரித் துறைக்கு உங்கள் வாதம் முழுமையாகப் பொருந்தாது. கார், பேருந்து, மின்வாரியச் சேமிப்பு நிலையம் ஆகியவற்றுக்குப் பேட்டரி வாங்குகிறவர்கள் ஆயுளைக் கணக்குப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2020-ல் 16 ஆண்டுகள், 20 லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் பேட்டரியைத் தயாரிக்க ஆயத்தமாக இருப்பதாக அறிவித்தது போட்டியாளர்களை முந்துவதற்காகத்தான். அமுக்குவதால் லாபமில்லாத இடம் இது. கைபேசியில் நிலைமை வேறு. அங்கே நிறுவனங்களுக்கு அவசரமில்லை என்ற உங்கள் சந்தேகத்தோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். ஐரோப்பிய ஒன்றியமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் குறைந்தது எண்பது விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது.

வாசகி, வேலூர்: புதியது வருவது இருக்கட்டும், இருக்கிற பேட்டரி ஏன் இரண்டு மூன்று ஆண்டுகளில் சொத்தையாகிவிடுகிறது? எங்கள் ஊர் வெயிலும் காரணமா?

வெயில் பெரிய காரணம். லித்தியம்-அயனி பேட்டரியில் கிராஃபைட் மின்முனையின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் படிகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே நிலைக்காது. ஆனால் அது நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும்போது, ஓடியாடி மின்சாரம் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் சிறைபிடித்துக்கொள்கிறது. சூடு கூடக் கூட இது விரைவாக நடக்கும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது இன்னும் விரைவாக நடக்கும். இரண்டும் சேர்வதுதான் கொடுமை. இரவு முழுவதும் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டுக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் சார்ஜரோடு மாட்டி வைப்பதும் அந்தக் கொடுமையைத் தேடிப்போய் வாங்குவதாகும். எண்பது விழுக்காட்டில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இப்போது பல கைபேசிகளில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட ஆயுளுக்கான நம்பகமான ஆய்வும் இந்தப் படலத்தையும் மின்முனைத் துகள்களில் விழும் வெடிப்பையும் சுற்றியே நடக்கிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பல சிறு படிகங்கள் ஒட்டிய துகளுக்குப் பதிலாக ஒற்றைப் படிகத் துகள்களைப் பயன்படுத்தி, மின்முனைகளுக்கு நடுவிலுள்ள மின்பகுபொருளில் சில சேர்க்கைகளையும் கலந்து, காரில் வைத்தால் 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைக்கக்கூடிய பேட்டரியைக் காட்டினார்கள். அதில் அணுவும் இல்லை, வைரமும் இல்லை. ஏற்கெனவே இருந்த சரக்கைத் திருத்தமாகச் செய்திருந்தார்கள்.

வாசகர், திருச்சி: மின்சார ஸ்கூட்டர் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிய பேட்டரி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறான் என் மகன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பொறுக்க வேண்டாம். திட நிலை பேட்டரி வந்தாலும் முதலில் விலையுயர்ந்த கார்களுக்குத்தான் போகும். அது ஸ்கூட்டருக்கு இறங்கி வருவதற்குள் நீங்கள் பெட்ரோலுக்குச் செலவழிக்கும் பணம் கொஞ்சமாக இராது.

ஷோரூமில் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் பேட்டரியின் வகையைக் கேளுங்கள். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சற்றுக் கனமாக இருக்கும், தூரமும் சற்றுக் குறையும். ஆனால் சூட்டைத் தாங்கும், இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் உழைக்கும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகையில் தூரம் கிடைக்கும், சூட்டில் சீக்கிரம் தேயும். திருச்சி வெயிலுக்கு நான் முன்னதைத்தான் எடுப்பேன். அடுத்து வாரண்டி அட்டையை வாங்கிப் படியுங்கள். எட்டு ஆண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அந்த விழுக்காடே குறிப்பிடப்படாத வாரண்டி, பேட்டரி அடியோடு செத்தால்தான் செல்லும் என்று பொருள். பேட்டரியின் நிலையை யார், எந்தக் கருவியால் சோதிப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னவர் அடுத்த ஆண்டு அங்கே வேலையில் இருக்கமாட்டார்.

வாசகர், விருதுநகர்: செத்துப்போன கைபேசி பேட்டரிகளை மேசை அறையில் சேர்த்து வைத்திருக்கிறேன். குப்பையில் போடலாமா?

போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. முனைகளின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, கைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்துவிடுங்கள். அவற்றில் ஏதேனும் உப்பியிருந்தால், இன்றே மேசை அறையிலிருந்து எடுத்து, காகிதமும் துணியும் இல்லாத இடத்தில், ஒரு மண்சட்டியில் மணலுக்குள் வையுங்கள்.